ஆளில்லாத் திரைகள்

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அந்த எண் ஏழாக இருந்தது. டீக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பதினொன்றாகிவிட்டது. 'தவறான முயற்சிகள்' என்ற கட்டத்தில் அது ஏறிக்கொண்டே போவதை அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. 'வந்துடு, வந்துடு' என்று வாய்க்குள் முணுமுணுத்தான். பதினான்கு. ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்ட இந்தக் கூத்து அரை மணி நேரம் நடந்து, இருபத்து மூன்றாவது தப்புக்கு அப்புறம் அக்காவின் பெயர் இருந்த வரிசையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது. அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு டீ ஞாபகம் வந்தது. அது ஆறி ஆடை கட்டியிருந்தது.

அலுவலகத்தில் அவனை எல்லோரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடமாக அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்தால் அவனுக்கே யாரோ மாதிரி இருக்கும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அது. மனுக்களைப் படித்து முடிவு சொல்லும் முந்நூற்று நாற்பது பேர் தங்கள் வீடுகளில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் வெறும் ஜன்னல்தான். அவர்களுடைய உண்மையான மேஜை, பைல்கள் எல்லாமே இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஸ்வெட்டர் போடாமல் நுழைய முடியாத ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் இருக்கின்றன. அந்த ஜன்னல் வழியாக யார் உள்ளே வரலாம், எந்த பைலைத் தொடலாம், வீட்டுப் பிரிண்டரில் அச்சடிக்கலாமா கூடாதா, எத்தனை நிமிடம் கை படாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவன் முன்னால் இருக்கும் ஒரே பக்கத்தில் முடிவாகும். ஒரு கட்டத்தில் டிக்கை எடுத்தால் முந்நூற்று நாற்பது வீட்டிலும் பிரிண்டர் ஊமையாகிவிடும். "சாவி கோவிச்சுக்கிட்டா நமக்குச் சோறு கிடையாது" என்று மூன்றாம் மாடியில் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

சட்டதிட்டம் எல்லாம் அவன் போட்டதுதான். ஐந்து தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும், அவன் திறந்துவிட்டால்தான் உண்டு. ஒரே வாரத்தில் மூன்று முறை பூட்டிக்கொண்டால் அந்த ஆளின் பிரிவுத் தலைவருக்குத் தானாக ஒரு கடிதம் போகும். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும், பழையதைத் திரும்பப் போட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்பு, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து இதையெல்லாம் எழுதினான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். இந்த வலையில் முதலில் மாட்டப்போவது தன் சொந்த அக்கா என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஏனென்றால் அக்கா இருபத்திரண்டு வருடமாக அங்கே மனுக்களைப் படிக்கிறவள். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஒரு மனுவில் எட்டாம் பக்கத்தில் இருக்கும் தேதியும் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால், மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன் அவள் விரல் அங்கே நிற்கும்.

போன வருடம்தான் ஆரம்பித்தது. "விரல் தடுமாறுதுடா" என்றாள். புது கீபோர்டு அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து "இந்த கீபோர்டும் சரியில்ல" என்றாள். இன்னொன்று அனுப்பினான். பிறகு அவள் போன் செய்வதற்கு முன்பே திறந்துவிடப் பழகிக்கொண்டான். சிவப்புப் பொட்டு விழும், அவன் தட்டுவான், போய்விடும். அது ஒரு வேலையே இல்லை, இரண்டு நொடிதான். ஒரு வாரம் புதன்கிழமைக்குள்ளேயே இரண்டு முறை பூட்டிக்கொண்டது. இன்னொரு தடவை பூட்டினால் பிரிவுத் தலைவருக்குக் கடிதம் போய்விடும். வரவேற்பறையில் அறிவிப்பு ஓடும் டிவி, டோக்கன் எண் காட்டும் பலகைகள், பயிற்சி அறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரை என்று ஆறு திரைகளை ஒரு தனிக் குழுவாக அவன் வைத்திருந்தான். குழுவின் பெயர் 'ஆளில்லாத் திரைகள்'. கை தொடாத சாதனங்கள் என்பதால் அவை பூட்டிக்கொள்ளாது, எத்தனை தப்பு அடித்தாலும் கோபித்துக்கொள்ளாது, பாஸ்வேர்டும் மாறாது. அதில் ஏழாவதாக அக்காவின் பெயரை இழுத்துப் போட்டான். ஒரு வாரத்துக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆறு வாரம் ஓடிவிட்டது.

பதினோரு மணிக்கு மேனேஜர் கதவில் தலையை நீட்டினார்.

"சாவி, நாளைக்கு வரவேண்டிய ஆடிட்டர் அம்மா இன்னிக்கே வர்றாங்களாம். நாலு மணிக்கு. விதிவிலக்கு லிஸ்ட் ஒண்ணு வேணுமாம். யாருக்கு, என்னைக்கு, எதுக்கு, யார் சொல்லி. அந்த 'எதுக்கு' மட்டும் காலியா இருந்தா நம்மள உரிச்சு உப்புத் தடவிடுவாங்க."

"சரி சார்."

"உங்களுக்கென்ன பயம்? நீங்க எப்பவும் சுத்தம்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

லிஸ்டை எடுத்தான். ஏழு வரிகள். ஆறு வரிகளுக்கு நேராக 'கை படாத திரை' என்று எழுதியிருந்தது. ஏழாவதற்கு நேரே வெள்ளையாக இருந்தது. இப்போதே அக்காவை வெளியே எடுத்துவிடலாம், ஆனால் எடுத்ததும் பதிவாகும். உள்ளே போட்டது யார், வெளியே எடுத்தது யார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அழிக்க முடியாத ஒரு பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவேட்டை யாரும் அழிக்க முடியாமல் செய்ததும் இந்த மகாபுத்திசாலிதான். கீபோர்டு கோளாறு என்று எழுதலாமா? இரண்டு கீபோர்டு அனுப்பிய ரசீது இருக்கிறதே. எப்படிப் பூசி மெழுகினாலும் ஒரு மூலையில் காரை உதிர்ந்தது. முதலில் அக்காவிடம் பேசிவிடலாம் என்று அவளுடைய வரிசைக்குப் போனான்.

பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். கடைசியாகக் கை பட்டது பத்து நான்கு. இப்போது மணி பதினொன்று ஐம்பது. வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் திரை பூட்டி, பொட்டு சாம்பலாகியிருக்கும். அவளுடையது பூட்டாது. ஆறு வாரமாக, காலையில் உள்ளே வந்துவிட்டால் சாயங்காலம் வெளியேறும்வரை பச்சை. அதைப் பார்த்துத்தான் அவன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். அவளுடைய திரையைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு வேண்டுகோள் அனுப்பினான். அங்கே அவள் 'சரி' என்று அமுக்கவேண்டும். யாரும் அமுக்கவில்லை. போன் செய்தான். முழுசாக அடித்து நின்றது. மறுபடியும் அடித்தான். பிறகு அக்காவின் கணவருக்கு, பட்டறையில் இருக்கும் மாமாவுக்குப் போட்டான்.

"மாமா, அக்கா போன் எடுக்க மாட்டேங்குறா."

பின்னால் ஏதோ இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. மாமா வெளியே வந்திருக்கவேண்டும், சத்தம் குறைந்தது. "நீ கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வர்றியா? நானும் கிளம்புறேன். போன வாரமும் ஒரு தடவ..." என்று நிறுத்தினார்.

"போன வாரம் என்ன மாமா?"

"வந்து பேசிக்கலாம். நீ முதல்ல போ."

அவன் பைக்கை எடுத்தான். இருபத்தைந்து நிமிடப் பாதை. வழியெல்லாம் மாமாவின் 'போன வாரம்' கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது அக்கா நன்றாகத்தானே இருக்கிறாள்? அவனைக் கேலி செய்கிறாள், அவன் தொப்பையைப் பார்த்து எத்தனையாவது மாதம் என்று கேட்கிறாள். ஒரே கேலியை ஒரே மதியத்தில் இரண்டு தடவை கேட்டதும் உண்டு. அதற்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறான்.

கதவு பூட்டவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டான். சமையலறை, படுக்கையறை, பின்பக்கம் என்று எங்கும் ஆளில்லை. முன்னறை மேஜையில் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஐம்பத்தெட்டு வயது மனிதர், இதய அறுவை சிகிச்சை. அவருடைய வீட்டு முகவரி, போன் நம்பர், நெஞ்சுக்குள் எடுத்த படம் எல்லாம் தெருவில் போகிறவன் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி விரிந்து கிடந்தன. கீழே 'முடிவு' என்ற கட்டத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அவன் அனுப்பிய வேண்டுகோள், அவன் பெயரோடு, பதில் இல்லாமல் நின்றது. திரையைப் பூட்டப் போனவன் கை கீபோர்டில் இடித்தது. அடியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சீட்டுக் கட்டு எட்டிப் பார்த்தது.

ஒவ்வொரு சீட்டிலும் அக்காவின் மணிமணியான கையெழுத்தில் ஒரு பாஸ்வேர்ட். அம்மாவின் பெயரும் ஒரு வருடமும். பழைய வீட்டு எண். அவன் மகன் பிறந்த தேதி. அவனைச் சின்ன வயதில் கூப்பிட்ட பட்டப்பெயர். நாற்பத்தைந்து நாளுக்கு ஒன்று என்று அவன் மாற்றச் சொன்னதெல்லாம் வரிசையாக அங்கே இருந்தன. எதிலும் தேதி இல்லை. எண்ணினான். இருபத்து நான்கு. அவன் கையை எடுத்துக்கொண்டான். காலையில் இருபத்து மூன்று தப்பு. அவள் தினமும் மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டு வருகிறாள், சரியானது கடைசியில் இருக்கிறது. அடுத்த நாள் மறுபடியும் மேலிருந்து. ஐந்தாவது தப்பிலேயே அடித்திருக்கவேண்டிய மணி அது. அடிக்கவிடாமல் அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது தன் கைதான் என்று அவனுக்கு அந்த முன்னறையில் நின்றபோதுதான் உறைத்தது.

வாசலுக்கு ஓடினான். தெரு முனையில், பெரிய ரோடு சேருமிடத்தில், அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் கைப்பை. கழுத்தில் சிவப்பு நாடாவில் அலுவலக அடையாள அட்டை. அந்த இடத்தில்தான் முன்பெல்லாம் அலுவலக வேன் வந்து நிற்கும். அந்த வேன் நின்றுபோய் மூன்று வருடமாகிறது.

"அக்கா."

திரும்பினாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வழி கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். அவனுக்கு உயிரே போய்விட்டது. பிறகு முகம் மலர்ந்தது. "டேய், நீ எங்கடா இங்க? இன்னிக்கு லீவா?"

"நீ எங்க இங்க?"

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"கழுத்துல அது என்ன?"

குனிந்து பார்த்தாள். அட்டையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "நாயின்னா சங்கிலி வேணாமாடா?" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். இருவரும் எப்போதும் இப்படித்தான் தப்பித்துக்கொள்வார்கள். நடக்கும்போது அவள் கை அவன் கையைப் பிடித்துக்கொண்டது. இருபது வருடமாக அவள் அப்படிப் பிடித்ததில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "இன்னிக்கு வேனே வரல பாத்தியா" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போல. அவன் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான்.

அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீதானே தொறந்து விடுற?"

"எத?"

"நடிக்காத. முன்னாடியெல்லாம் நான் போனை எடுக்கறதுக்குள்ளயே தொறந்துக்கும். இப்ப பூட்டறதே இல்ல. எத்தன தடவ தப்பா போட்டாலும் பொறுத்துக்குது. உலகத்துலயே எனக்கு மட்டும் இவ்ளோ நல்ல கம்ப்யூட்டரா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"தெரிஞ்சும் நீ ஏன் கேக்கல?"

அவன் டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தான்.

"இன்னிக்கு எத்தன?" என்றாள்.

"என்ன ஒரு நாலஞ்சு இருக்கும்."

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும்டா."

"இருபத்து மூணு."

தலையை ஆட்டினாள். எடை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத்தான் ஆட்டினாள். பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். "இந்த ஆளோட பைல மூணு நாளா படிக்கிறேன். கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ள முதப் பக்கம் போயிடுது. திரும்ப முதல்லேர்ந்து வர்றேன். அவங்க வீட்டுல நம்ம பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல? இத வேற யாருக்காவது மாத்திடச் சொல்லுடா. பாவம்." அவள் குரல் உடைந்தது அங்கேதான். தனக்காக அழாதவள் முகம் தெரியாத அந்த மனிதருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஆடிட்டர், நான்கு மணி, ஏழு வரி லிஸ்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"லிஸ்ட்ல என்கூட வேற யாரு?"

"வாசல்ல அறிவிப்பு ஓடுமே, அந்த டிவி."

"டிவியா!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவன் முழங்கையைப் பிடித்தாள். "என்ன அதுலேர்ந்து எடுத்துடுடா."

"எடுத்தா அஞ்சு தடவதான். அப்புறம் பூட்டிக்கும்."

"பூட்டட்டும். எல்லாருக்கும் எத்தனையோ எனக்கும் அத்தனை. சாயங்காலம் நான் ஒரு தடவ பாஸ்வேர்ட் போட்டு உள்ள வர்றேன். அஞ்சு தடவைக்குள்ள வந்துட்டா அப்புறம் என்னைய ஒண்ணும் கேக்கக் கூடாது. வரலன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, வாயத் தொறக்காம வர்றேன். ஆனா அதுக்கு நடுவுல நீ எதையும் தொறந்து விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

"அக்கா, அந்தச் சீட்டுல..."

"இதையும் நீயே எடுத்துட்டுப் போ." கீபோர்டுக்கு அடியிலிருந்து கட்டை உருவி அவன் சட்டைப் பையில் திணித்தாள். "சீட்டப் பாத்துப் போட்டா அது சீட்டோட மூளை. எனக்கு என்னோடது இருக்கான்னு தெரியணும்."

மாமா வரும்வரை அவன் அங்கேயே இருந்தான். அவர் எண்ணெய்க் கையோடு உள்ளே வந்து, அக்காவின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மெதுவாகக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்ததும் போன வாரம் என்ன நடந்தது என்று கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மூன்றரை. முதலில் அந்த இதய நோயாளியின் பைலை வேறு ஒருவருக்கு மாற்றச் சொல்லி அக்காவின் பிரிவுக்குப் போன் செய்தான். பிறகு குழுவைத் திறந்து ஏழாவது பெயரை வெளியே இழுத்தான். 'உறுதியாக நீக்கலாமா?' என்று அது கேட்டது. ஆம் என்று தட்டினான். வெகுநேரமாகக் கை படாத அக்காவின் திரை உடனே பூட்டிக்கொண்டு, பச்சைப் பொட்டு சாம்பலானது. லிஸ்டிலிருந்து ஏழாவது வரியை அழிக்கவில்லை. 'யார் சொல்லி' என்ற இடத்தில் தன் பெயரை, சம்பளச் சீட்டில் இருக்கிற முழுப் பெயரை, அடித்தான். 'எதுக்கு' என்ற இடத்தில், 'இவர் என் அக்கா. செய்தது முறையல்ல. இன்று நீக்கிவிட்டேன்' என்று எழுதினான். வேலை போகுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் பக்கத்துத் திரையில் உட்கார்ந்திருந்ததால் இது சின்னதாகத்தான் தெரிந்தது.

மூன்று நாற்பத்தேழுக்கு அக்காவின் வரிசையில் ஒன்று என்று விழுந்தது.

அவன் எழுந்து நின்றான். சட்டைப் பையில் சீட்டுக் கட்டு நெஞ்சில் உறுத்தியது. இரண்டு. கட்டின் கடைசிச் சீட்டு எது என்று அவனுக்குத் தெரியும். அதில் இருப்பது அவனுடைய பட்டப்பெயரும், அவள் அவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடமும். போன் மேஜையில் கிடந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கீபோர்டைத் தொடவே வேண்டாம். அது திறந்து விட்டதாகுமா? மூன்று.

"சாவி, லிஸ்ட் ரெடியா? அந்தம்மா கீழ வந்துட்டாங்க" என்று மேனேஜர் கதவருகில் நின்றார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

"முகமெல்லாம் ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

எண் நான்கானது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம்.

அங்கே, அந்த முன்னறையில், அவள் விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடியிருப்பாள். மாமா பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். கீழிருந்து லிப்ட் ஏறி வரும் சத்தம் கேட்டது. திரையில் சாம்பல் நிறப் பொட்டுக்குப் பக்கத்தில் நான்கு என்ற எண் அசையாமல் நின்றது. அவன் சட்டைப் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.